பெண்ணுறையும் தீர்மானிக்கும் உரிமையும்: ஜெர்மனியை முன்வைத்து

கருத்தடைச் சாதனங்களைக் குறித்து எழுதப் புகும் மருத்துவ நூலாசிரியர்கள், நூறு பெண்கள் ஓராண்டுக் காலம் ஒன்றைப் பயன்படுத்தினால் எத்தனை பேர் கருவுறுவர் என்னும் கணக்கைக் கொண்டே அதன் தராதரத்தை நிர்ணயம் செய்வது வழக்கம். அக்கணக்கு இன்றியமையாததே. ஆயினும், சாதனத்தைக் கைக்கொள்வதும் கைவிடுவதும் யாருடைய விருப்பத்தைப் பொறுத்தவை என்னும் வினாவுக்கு அதில் இடமில்லை. அவ்வினாவை ஒதுக்கிவிட்டுப் பெண்ணுறையின் அநுகூலப் பிரதிகூலங்களை எடைபோடுதல் நியாயமன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஜெர்மனியை இதற்கு நிலைக்களனாகக் கொண்டமைக்குச் சரித்திரக் காரணம் உண்டு. 1880-களில் பிளென்ஸ்பர்க் நகரத்து மருத்துவர் மென்சிங்கா, கருப்பை வாயை மறைக்கும் ரப்பர் மூடியைப் பிரசித்தப்படுத்தினார். 1920-களில் பெர்லினில் எர்ன்ஸ்ட் கிரேஃபென்பெர்க், கருப்பையினுள் பொருத்தும் வளையத்தை ஆராய்ந்தார். அதே பெர்லினில் ஜூலியஸ் ஃப்ரோம் என்னும் யூதத் தொழிலதிபர், ஒட்டில்லாத ரப்பர் ஆணுறைகளைப் பெருவாரியாக உற்பத்தி செய்துவந்தார். 1938-இல் ஃப்ரோமின் தொழிற்சாலை அவர் கையினின்றும் பறிக்கப்பட்டது. 1941 ஜனவரியில் ஹிம்லர் பிறப்பித்த போலீஸ் ஆணை, கருத்தடைப் பொருள்களைத் தடைசெய்தபோது ஆணுறைக்கு மட்டும் விலக்களித்தது; போர்வீரர்களை மேகநோய் பற்றாமற் காக்க அது வேண்டியிருந்தது. பெண்ணின் பொறுப்பிலிருந்த சாதனங்களோ சட்டவிரோதமாயின. மேற்கு ஜெர்மனியில் 1961-இல் ஷேரிங் நிறுவனம் அனோவ்லார் மாத்திரையை விற்பனைக்குக் கொணர்ந்த பின்னரே, கருத்தடை பற்றிய தீர்மானம் பெருமளவில் பெண்கள் வசம் வந்தது. ஆனால் மாத்திரை நோய்த்தொற்றைத் தடுக்காது.

கருத்தடை, நோய்த்தடை ஆகிய இவ்விரு காரியங்களையும் ஒருங்கே செய்யவல்லதும் பெண்ணே அணிவதுமான உறையை 1980-களில் உருவாக்கியவர் டென்மார்க் தேசத்து மருத்துவர் லாஸ்ஸெ ஹெஸ்ஸல். அது பெமிடோம் என்னும் பெயரில் ஐரோப்பாவில் பரவிற்று. ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் நீளமுள்ள மென்பை அது. உள்முனை வளையம் யோனியின் ஆழத்தில் உறையைத் தாங்க, அகன்ற வெளிவளையம் புறவுறுப்பின் ஒரு பகுதியையும் மறைத்து நிற்கும். முதலில் பாலியூரித்தேனாலும், பின்னர் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பராலும் செய்யப்பட்டமையால், இயற்கை ரப்பர் ஒவ்வாதவர்களுக்கும் அது ஏற்றது. ஹார்மோன் சேர்க்கை யாதுமில்லை. கலவிக்குச் சில மணி நேரம் முன்னரே அணிந்துகொள்ளவும் கூடும்.

குறைகளை மறைப்பதால் ஒரு பயனுமில்லை. வழக்கமான பிரயோகத்தில் ஓராண்டில் 100 பெண்களில் 21 பேர் கருவுறுவர் என்றும், ஆணுறையில் அத்தொகை 13 என்றும் அமெரிக்க மதிப்பீடுகள் கூறுகின்றன. பிழையின்றிப் பயன்படுத்தினால் முன்னது 5 ஆகவும் பின்னது 2 ஆகவும் குறைகின்றன. 21-க்கும் 5-க்கும் உள்ள இடைவெளி, பெரும்பாலும் பழக்கமின்மையின் அளவு என்றே நான் கருதுகிறேன். உள்வளையத்தை அழுத்திச் செலுத்தும் முறையைச் சில தடவை பயிலாமல் ஒருத்தி தேர்ச்சி பெறுதல் அரிது. ஆண்குறி உறைக்குள் புகாமல் பக்கவாட்டில் நழுவுவதும், வெளிவளையம் உள்ளே தள்ளப்படுவதும் நேர்வன. பாலியூரித்தேன் உறையின் சலசலப்பும் பலருக்கு அருவருப்பை விளைத்தது. நைட்ரைல் அதைத் தணித்திருக்கிறது. விலையும் ஆணுறையைவிடப் பன்மடங்கு.

எனினும் ஜெர்மானிய நீதிமன்றங்கள் அண்மையில் விசாரித்த ஒரு குற்றம் இவ்வாதத்தின் மறுபுறத்தைக் காட்டுகிறது. பெண்ணின் சம்மதமின்றி, கலவியின் நடுவே ஆணுறையை இரகசியமாகக் கழற்றிவிடுவது பாலியல் வன்முறையே என்று பெர்லின் உயர்நீதிமன்றம் 2020-இலும், கூட்டாட்சி உச்சநீதிமன்றம் 2022-இலும் தீர்மானித்தன. தண்டனை பின்னர் வருவது. கருவும் தொற்றும் அதற்கு முன்னரே நேர்ந்துவிடும். பெண்ணின் உடலில் பொருந்தியிருக்கும் உறையை அவள் அறியாமல் அகற்றுவது எளிதன்று. இதனினும் வலிய சான்று, 2017 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாலியல் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம். கலவியில் உறை பயன்படுத்தப்பட வேண்டும் என்று விதித்து, மீறும் வாடிக்கையாளனுக்கு 50,000 யூரோ வரை அபராதம் வைத்திருக்கிறது அச்சட்டம். ஆனால் மூடிய அறையில் மறுப்பவனோடு வாதாட வேண்டியவள் பெண்தான். தானே அணிந்து வரக்கூடிய உறை, அந்த வாதத்தின் ஒரு பகுதியையேனும் தேவையற்றதாக்குகிறது. முற்றிலும் தேவையற்றதாக்குகிறது என்று சொல்லலாகாது. வெளிவளையம் கண்ணுக்குப் புலனாவது, பலாத்காரத்துக்கு அது பரிகாரமுமன்று.

2023-இல் கொலோனிலுள்ள சுகாதார அறிவுறுத்தல் மையம் வெளியிட்ட ஆய்வில், கருத்தடை செய்யும் வயதுவந்தோரில் 53 விழுக்காட்டினர் ஆணுறையையும் 38 விழுக்காட்டினர் மாத்திரையையும் குறிப்பிட்டனர். 2018-இல் மாத்திரையே 47 விழுக்காட்டுடன் சற்று முந்தியிருந்தது. ஹார்மோன்களைப் பற்றிய அச்சத்தால் மாத்திரையைக் கைவிட்டு ஆணுறையை நம்பும் பெண், அதன் மூலம் கிட்டிய தீர்மான அதிகாரத்தையும் தன்னை அறியாமலே கைவிடுகிறாள். ஹார்மோனும் வேண்டாம், அதிகாரத்தையும் இழக்கலாகாது என்பவளுக்கு உகந்த சாதனங்களுள் நோயையும் தடுப்பது பெண்ணுறை ஒன்றே. அதுவோ பல மருந்துக் கடைகளில் சொல்லி வைத்தே பெறவேண்டிய பொருளாக இருக்கிறது. விற்காததால் கடைக்காரர் வைப்பதில்லை, காணாததால் எவரும் கேட்பதில்லை. 1990-களில் ஜிம்பாப்வேப் பெண்கள் 30,000 கையொப்பங்களைத் திரட்டித் தங்கள் அரசிடம் பெண்ணுறை கோரினர். தேவை இல்லை என்னும் வாதம் அங்கே பொய்த்தது.

ஜெர்மனியில் சட்டப்படியான மருத்துவக் காப்பீடு, 22-ஆவது பிறந்தநாள் வரை மருத்துவர் சீட்டுக்குரிய கருத்தடை மருந்துகளின் செலவை ஏற்கிறது. சீட்டின்றிக் கிடைக்கும் உறைகள் அதிலடங்கா. பாலியல் தொழிலில் உறையைச் சட்டத்தால் கட்டாயமாக்கிய அரசு, அதைப் பெண்ணே அணியத்தக்க வடிவில் பொதுச் சுகாதார அலுவலகங்களின் வழி இலவசமாக வழங்கவும், அணியும் முறையை அங்கேயே கற்பிக்கவும் கடமைப்பட்டிருக்கிறது. முன்சொன்ன 21-ஐ 5-க்கு அருகே கொணரும் வேலையும் அந்த அலுவலகங்களுக்கே உரியது.