லடாக்கின் செயற்கைப் பனியாறுகள்

லடாக்கில் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். திருகோணமலைக்கு வடக்கே சாம்பல்தீவில் கார்த்திகை மாதத்திலேயே அதைவிட அதிகம் பெய்துவிடும். ஆனாலும் லடாக் உழவரின் முதல் கவலை தண்ணீரின் அளவல்ல, அது வரும் காலம். பார்லியும் கோதுமையும் விதைக்க ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் வேண்டும். உயரத்திலுள்ள பனியாறுகளோ ஜூனில்தான் நன்றாக உருகத் தொடங்கும். குளிர்கால ஓடைநீர் யாருக்கும் உதவாமல் சிந்துவில் கலந்துவிடும். மாரித் தண்ணீரைச் சிறுபோகத்துக்குத் தேக்கிவைக்கும் கந்தளாய்க் குளத்தின் வேலையை லடாக்கில் பனிக்கட்டி செய்ய வேண்டியிருந்தது.

பனியாற்றை 'நடும்' வழக்கம் அண்டைப் பகுதியான பால்டிஸ்தானில் பழையது. கல்லும் மண்ணும் மூடிய கரும்பனி ஆண், தூய வெண்பனி பெண். இரண்டையும் முதுகில் சுமந்து மலையேறி, நிழலான குழியில் சேர்த்து, கரித்தூளும் மரத்தூளும் இட்டு மூடுவார்கள்.

லடாக்கின் முறை வேறு. கிராம வளர்ச்சித் துறைப் பொறியாளர் செவாங் நோர்பெல், திறந்துவிட்ட குழாயிலிருந்து மரநிழலில் மெல்லக் கசிந்த நீர் உறைந்துகிடப்பதைக் கவனித்தார். வேகமாக ஓடும் நீர் அப்படி உறையவில்லை. 1987இல் புக்ட்சே கிராமத்தில் ஓடையைத் திருப்பி, மலைநிழலில் படிப்படியாகக் கற்தடுப்புகள் கட்டினார். வேகம் குறைந்த நீர் ஏடு ஏடாக உறைந்தது. ஊருக்கு அருகே, தாழ்வான இடத்தில் கிடந்ததால் விதைப்புக்கே உருகியும் வந்தது. ஆண்டுதோறும் கரைந்துபோகும் இதைப் பனியாறு என்பது மரியாதைக்காகத்தான். 2015இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

நிழலான பள்ளத்தாக்கு எல்லா ஊருக்கும் வாய்க்காது. பொறியாளர் சோனம் வாங்சுக் 2013இல் தொடங்கிய பனித் தூபி அந்தக் குறையைத் தீர்த்தது. மேட்டு ஓடையிலிருந்து குழாயில் இறங்கும் நீர், பம்பு இல்லாமல் தன் அழுத்தத்தாலேயே பீச்சியடித்து, கடுங்குளிரில் உறைந்து கூம்பாக உயரும். அதே கொள்ளளவுப் பனி தரையில் பரவிக் கிடப்பதைவிடக் கூம்பில் வெயில் படும் பரப்பு குறைவு. பியாங் கிராமத்தில் எழுப்பிய தூபி 2015 ஜூலை வரை நின்றது.

சிக்கல் குழாயில் இருந்தது. நீர் சற்றே தேங்கினாலும் உள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். நள்ளிரவுக் குளிரில் யாராவது போய்ச் சரிசெய்ய வேண்டும். வீணாகும் நீர் இன்னொரு சிக்கல். லே அருகிலுள்ள கங்லெஸ் தூபியையும் சுவிட்சர்லாந்தின் குட்டானன் தூபியையும் ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வெளியானது. குளிரும் வறட்சியும் மிகுந்த கங்லெஸில் பனி 4 மடங்கு சேர்ந்திருந்தது. ஆனால் பீச்சிய நீரில் பெரும்பகுதி இரு இடங்களிலும் உறையாமலே ஓடிப்போனது. இப்போது சில தூபிகளில் வெப்பநிலையையும் காற்றையும் அளக்கும் உணரிகள் வால்வைத் திறந்து மூடி, உறையக்கூடிய அளவு நீரை மட்டும் விடுகின்றன.