பகைவரைப் பாடிய தாள்கள்: ஸ்காட்லாந்துப் போர்களும் ஆங்கிலக் கதைப்பாடல்களும் (1513–1640)

ஒற்றைத் தாளின் ஒரு பக்கத்தில் தடித்த கோதிக் எழுத்தில் அச்சாகி, மரச்செதுக்குப் படத்தையும் பாடவேண்டிய மெட்டின் பெயரையும் தாங்கி, பதினேழாம் நூற்றாண்டில் பெரும்பாலும் ஒரு பென்னிக்கு விற்கப்பட்டவை ஆங்கிலக் கதைப்பாடல் தாள்கள். இவற்றில் ஸ்காட்லாந்தியர் எக்காலத்தும் ஒரே வகைப் பகைவராகத் தோன்றவில்லை. அவர்களை எவ்வளவு இகழலாம் என்பதைப் போர்க்களத்தை விட, ஆங்கில அரச குடும்பத்திற்கும் ஸ்காட்லாந்துக்கும் இருந்த உறவே பெரிதும் வரையறுத்தது.

1513 செப்டம்பர் 9 அன்று ஃபிளாடனில், எட்டாம் ஹென்றி பிரான்சில் போரிட்டுக்கொண்டிருந்த வேளையில் படையெடுத்து வந்த ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ், சர்ரே பிரபு தாமஸ் ஹோவர்டின் படையிடம் தோற்றுக் களத்திலேயே மாண்டார். ஹென்றிக்கு இளமையில் ஆசிரியராக இருந்த கவிஞர் ஜான் ஸ்கெல்டன் உடனே இயற்றி, அவ்வாண்டே அச்சான பாடல், இன்று கிடைக்கும் மிகப் பழைய அச்சுக் கதைப்பாடல்களுள் ஒன்று. அது தோற்ற மன்னரை நேரே விளித்து ஏசுகிறது. ஆயினும் ஜேம்ஸ் ஹென்றியின் தமக்கை மார்கரெட்டின் கணவர். அரசரின் மைத்துனர் இறந்ததை எள்ளி நகையாடுவதா எனச் சிலர் முணுமுணுத்ததால், ஸ்கெல்டன் அவர்களுக்கு மறுமொழியாகத் தனிச் செய்யுளே எழுத நேர்ந்தது. வெற்றியின் வெறி அடங்கும் முன்பே உறவுமுறை குறுக்கிட்டதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

'செவி சேஸ்' எனப்படும் பாடல் முற்றிலும் வேறு உணர்வுடையது. அதன் பின்னணியில் நிற்பது 1388ஆம் ஆண்டின் ஆட்டர்பர்ன் போர். அதில் ஸ்காட்லாந்தியரே வென்றனர், அவர்களின் தலைவர் டக்ளஸ் இறந்தார், ஆங்கிலத் தளபதி ஹென்றி பெர்சி சிறைப்பட்டார். பாடலிலோ, செவியட் மலையில் டக்ளஸின் இசைவு கேளாமல் பெர்சி தொடங்கும் மான்வேட்டை போராக மூண்டு இருவரையும் பலிகொள்கிறது. உண்மையில் பெர்சி 1403இல் ஷ்ரூஸ்பரியில் தம் அரசரை எதிர்த்துப் போரிட்டு மாண்டவர். தோல்வியை மறைக்கவே கதை மாற்றப்பட்டது என்று மட்டும் கொள்வது பாடலுக்கு நீதி செய்வதாகாது. டக்ளஸ் விழுந்ததும் அவர் கையைப் பற்றி, அத்தகைய வீரரை இழந்ததற்குப் பெர்சி வருந்தும் இடமே அதன் உயிர்; அங்கே பகைவர் தமக்கு ஒப்பானவர் ஆகிறார். பெர்சி, டக்ளஸ் பற்றிய பழம்பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எக்காளம் கேட்டாற்போல் தம் உள்ளம் கிளர்ந்தது எனக் கவிஞர் பிலிப் சிட்னி 1580 அளவில் எழுதினார். ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் 1603இல் இங்கிலாந்துக்கும் அரசராகி, எல்லைப் பகுதியை 'நடுநாடு' என்ற பொருள்பட அழைக்கத் தொடங்கிய பின், இருதரப்பையும் மதிக்கும் இப்பாடலை எவரும் அஞ்சாமல் பாட முடிந்தது. அச்சுத் தாள்களில் அது பரவியதோடு, அதன் மெட்டும் பல புதிய பாடல்களுக்குப் பயன்பட்டது.

புதிய வழிபாட்டு நூலை முதலாம் சார்லஸ் ஸ்காட்லாந்தின் மீது திணித்ததையடுத்து, சமயத்தைக் காக்க 1638இல் உடன்படிக்கை செய்துகொண்டோர் ஆயுதம் ஏந்தியபோது சிக்கல் கூர்மையடைந்தது. சார்லஸே ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இரு நாடுகளுக்கும் அவரே மன்னர். எனவே ஸ்காட்லாந்தியர் அனைவரையும் பகைவராகக் காட்ட இயலாத நிலையில், அக்காலத்தின் புகழ்பெற்ற பாடலாசிரியர் மார்ட்டின் பார்க்கர், 1640இல் எழுதிய பாடலொன்றின் தலைப்பிலேயே பகைவரை உடன்படிக்கையாளர் என்றும் கலகக்காரர் என்றும் குறித்தார். ஆகஸ்ட் 28 அன்று நியூபர்னில் அரச படை தோற்று, நியூகாசிலும் எதிரிகள் வசமானது. செப்டம்பரில் பார்க்கரின் 'வடக்கிலிருந்து நற்செய்தி' பாடியதோ, டரம் பகுதியில் ஒரு கனவானின் வீட்டைக் கொள்ளையிட வந்த ஏறத்தாழ நூறு ஸ்காட்லாந்தியரை ஆங்கிலக் குதிரைப்படை முறியடித்த சிறு மோதலை. தோல்வியின் நடுவே பொறுக்கியெடுத்த வெற்றி அது.

ஆனால் லண்டனிலேயே பலர் அரசரின் சமயக் கொள்கையை வெறுத்தனர். ஆயர் ஆட்சியை வேரோடு அகற்றக் கோரி அந்நகர மக்கள் 1640 டிசம்பரில் நாடாளுமன்றத்திடம் அளித்த மனு, சமயத்தை இழிவுபடுத்தும் நூல்களின் பட்டியலில் பார்க்கரின் கதைப்பாடல்களையும் பெயர் சுட்டிச் சேர்த்திருந்தது.