அமெரிக்க மாணவர்கள் எழுதிய நாட்டார் வழக்காற்றுப் பேரேடு

பொழுது சாயும் முன் சாப்பிட்டு முடிப்பது எங்கள் சமண வீடுகளின் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் நான் அப்படிக் கை கழுவி எழுந்த நேரத்தில், அமெரிக்காவில் கல்லூரியில் படிக்கும் என் பேத்தி தொலைபேசியில் அழைத்தாள்.

"தாத்தா, நம்ம வீட்டுச் சாஸ்திரம் ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. எழுதிக் கொடுக்கணும், மார்க் உண்டு."

"வாசப்படியில நின்னு எதையும் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாதுன்னு எழுதிக்கோம்மா" என்றேன். அதோடு அவள் விடவில்லை.

"யார் சொன்னாங்க? அப்போ உங்களுக்கு என்ன வயசு? என்ன நடந்தப்போ சொன்னாங்க? அதுக்கு என்ன அர்த்தம்னு நினைக்கிறீங்க?"

"அர்த்தமெல்லாம் புஸ்தகத்துல இருக்கும்மா."

"புஸ்தகம் வேண்டாம் தாத்தா. நீங்க என்ன நினைக்கிறீங்களோ அதுதான் வேணும்."

அகமதாபாத்தில் 38 ஆண்டுகள் பாத்திர வியாபாரம் செய்தவன் நான். பகலில் கடை, இரவில் வரலாற்று நூல்கள் என்று காலம் போயிற்று. நான் என்ன நினைக்கிறேன் என்று எந்த அறிஞரும் என்னைக் கேட்டதில்லை. பள்ளிப் பாடம் போலத் தோன்றும் இந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். அதன் பயனே இக்கட்டுரை.

தொடக்கம்

நாட்டார் வழக்காறு என்பதற்கான ஆங்கிலச் சொல்லை 1846-இல் உருவாக்கியவர் இங்கிலாந்தின் வில்லியம் தாம்ஸ். அமெரிக்காவில் இத்துறைக்கான கழகம் 1888-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் தோன்றியது. பழைய ஆங்கிலேயக் குடியேறிகள், தென் மாநிலக் கறுப்பின மக்கள், பூர்வகுடியினர் ஆகியோரின் வழக்காறுகள் அழிவதற்குள் சேகரிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். சேகரிப்பவர் கற்றவர், சொல்பவர் கல்லாதவர் என்ற எண்ணம் அக்காலத்தில் பலரிடமும் இருந்தது. அதை மாற்றியதில் மாணவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

சொந்த ஊரில் தோற்ற மாணவி

ஸோரா நீல் ஹர்ஸ்டன் என்ற கறுப்பினப் பெண்மணி நியூயார்க்கின் பார்னார்ட் கல்லூரியில் படித்தவர். புகழ்பெற்ற மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸின் மாணவி. 1927-இல் கதை சேகரிக்க ஃபுளோரிடாவுக்குப் போனார். அவர் வளர்ந்த ஈட்டன்வில் அங்கேதான் இருந்தது. ஆனால் கல்லூரி ஆங்கிலத்தில், கல்லூரி மரியாதையோடு, கதைகள் பாடல்கள் ஏதும் தெரியுமா என்று அவர் கேட்டபோது, எங்களுக்குத் தெரியாது, பக்கத்து ஊரில் கேட்டுப் பாருங்கள் என்று நழுவிவிட்டார்கள். ஆறு மாதம் அலைந்தும் கிடைத்தது கொஞ்சமே. இதைப் பிறகு அவரே மறைக்காமல் எழுதினார்.

மீண்டும் போனபோது மரம் வெட்டும் தொழிலாளர் முகாமில் அவர்களோடு தங்கினார். சேர்ந்து பாடினார், சிரித்தார், தானும் கதை சொன்னார். அப்படிக் கிடைத்த கதைகளை, யார் எந்தப் பேச்சுக்கு நடுவில் எதைச் சொன்னார்கள் என்பதோடு, அவர்கள் பேசிய மொழியிலேயே 1935-இல் நூலாக வெளியிட்டார். அது இன்றும் படிக்கப்படுகிறது.

கார் நகரமும் மலைக் கிராமமும்

டெட்ராய்ட் கார் தொழிற்சாலைகளின் நகரம். வேலை தேடிப் பல நாட்டவரும் அங்கே குடியேறினார்கள். அங்குள்ள வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எமிலின் கார்ட்னர், தெல்மா ஜேம்ஸ் என்ற இரு பேராசிரியைகள் 1939-இல் ஒரு வழக்காற்று ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார்கள். மாணவர்கள் வீட்டிலும் தெருவிலும் கேட்டு எழுதிய ஏடுகளே அதன் சரக்கு. மாணவர்களில் பலர் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள். வழக்காறு கிராமத்தில் மட்டும் வாழ்வதில்லை, தொழிற்சாலைப் புகைக்கு நடுவிலும் வாழ்கிறது என்பதற்கு அந்த ஏடுகள் சாட்சி. பிழைப்புக்காக வேறு மாநிலம் வந்த நமக்கு இது நெருக்கமான செய்தி.

ஜார்ஜியா மாநிலத்தின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் ரேபன் கேப் என்ற ஊர். அங்கே 1966-இல் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் 'ஃபாக்ஸ்ஃபயர்' என்ற இதழைத் தொடங்கினார்கள். இருட்டில் ஒளிரும் ஒருவகைப் பூஞ்சணத்தின் பெயர் அது. மரவீடு கட்டுவது, நாள் நட்சத்திரம் பார்த்து விதைப்பது, பாம்புக் கதைகள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதினார்கள். 1972-இல் நூலாக வந்து லட்சக்கணக்கில் விற்றது. பன்றியைப் பதப்படுத்தும் முறையும் அதில் உண்டு. என் போன்றவன் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடலாம்! ஆனால் ஒரு மூதாட்டியின் முன் பதினாறு வயதுப் பிள்ளை பொறுமையாக உட்கார்ந்து கேட்டதே, அதைத் தாண்ட முடியாது.

பெர்க்லி கேட்ட நான்கு கேள்விகள்

என் பேத்தியின் கேள்விகளுக்கு வேர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அகப்பட்டது. ஆலன் டண்டிஸ் 1963-இல் அங்கே ஆசிரியரானார். ஏதேனும் ஒரு பொதுத்தன்மை உள்ள எந்தக் கூட்டமும் 'நாட்டார்' தான் என்றார். ஒரே தொழில், ஒரே மொழி, ஒரே மதம், எதுவானாலும் சரி. அலுவலகங்களில் நகலெடுத்துச் சுற்றுக்கு விடும் கேலித் துணுக்குகளையும் சேகரித்து 1975-இல் இன்னொருவரோடு சேர்ந்து நூல் வெளியிட்டார்.

வழக்காற்றை மட்டும் எழுதினால் போதாது, சொன்னவர் யார், எங்கே, எப்போது, எந்தச் சூழலில் சொன்னார், அதற்கு அவரே சொல்லும் பொருள் என்ன என்பதும் வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய முறை. அவ்வாறு மாணவர்கள் கொண்டுவந்து சேர்த்த குறிப்புகள் ஐந்து லட்சத்துக்கும் மேல். 2000-இல் பழைய மாணவர் ஒருவர், பெயர் வெளியிடாமல், பத்து லட்சம் டாலர் அனுப்பி வைத்தார். அதைக்கொண்டு இத்துறைக்கென ஒரு பேராசிரியர் பதவி நிறுவப்பட்டது. டண்டிஸ் 2005 மார்ச் 30 அன்று, வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும்போதே காலமானார்.

தேதியும் இடமும் எதற்கு? ஓர் உதாரணம். இரவில் சாலையோரம் நிற்கும் பெண்ணை வண்டியில் ஏற்றிக்கொள்கிறார் ஒருவர். வீடு வந்ததும் திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. அவள் இறந்து பல வருஷம் ஆயிற்று என்கிறார்கள் வீட்டார். இக்கதையின் 79 வடிவங்களைத் தொகுத்து இருவர் 1942-இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தின் யான் ஹரால்ட் புருன்வாண்ட் 1981-இல் எழுதிய நூலின் தலைப்பே இக்கதைதான். பழைய வடிவங்களில் குதிரை வண்டி, பிந்தியவற்றில் கார். தேதி குறிக்காமல் எழுதியிருந்தால் இந்த மாற்றம் நமக்குத் தெரிந்திருக்குமா?

என் நோட்டுப் புத்தகம்

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் தாயார் சொல்லிய பழமொழிகள், சாஸ்திரங்கள், விடுகதைகள் சுமார் முந்நூறை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பெருமையாகவும் நினைத்திருந்தேன். பேத்தியின் அழைப்புக்குப் பிறகு எடுத்துப் பார்த்தேன். அம்மாவின் பேச்சைத் திருத்தி, இலக்கண சுத்தமாக எழுதியிருக்கிறேன். "வாசப்படி" என்று அவர் சொன்னதை "வாயிற்படி" ஆக்கியிருக்கிறேன். எதை எப்போது சொன்னார், யாரைக் கண்டிக்கச் சொன்னார், அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது, ஒன்றும் இல்லை. கேட்டு நிரப்ப அம்மா இன்று இல்லை.

கடையில் குமாஸ்தா ஒருவன் தேதியும் பெயரும் போடாமல் வெறும் தொகையை மட்டும் பேரேட்டில் எழுதினால் அன்றே கணக்கைத் தீர்த்து அனுப்பியிருப்பேன். அதே தவறை என் தாயின் சொல்லில் நானே செய்திருக்கிறேன்.

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்த விடுமுறையில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் பத்து விஷயம் கேட்டு எழுதட்டும். சொன்னது, சொன்னவர், இடமும் நேரமும், அவர் சொல்லும் பொருள் என்று நான்கு பத்தி போதும். தமிழ் எழுத வராத பிள்ளை கைபேசியில் பதிவு செய்யட்டும். பேச்சைத் திருத்த வேண்டாம். "எனக்கு என்னடா தெரியும்" என்று பாட்டி சொன்னால், அதையும் எழுதிக்கொண்டு, அடுத்த கேள்வியைக் கேட்கட்டும்.

என் நோட்டில் 'வாயிற்படி'யை அடித்து 'வாசப்படி' என்று எழுதிவிட்டேன். பக்கத்தில் அம்மாவின் பெயரையும் எழுதினேன். தேதிக்குரிய இடம் காலியாகவே இருக்கிறது.