இலவச கரண்டு ஒரு பவுண்டு ஆன கதை

மின்சார கார் என்றதும் எல்லோரும் சொல்வது, "பெட்ரோலை விட ரொம்ப மலிவு" என்பதுதான். பிரிட்டனில் இது பாதி உண்மை. மீதிப் பாதி, அந்தக் கார் ராத்திரி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. சொந்த வாசலில் நின்றால் மலிவு. தெருவில் நின்றால், பெட்ரோல் காரை விட அதிகச் செலவு வைக்கக்கூடிய வண்டி அது! இந்த நிலைமை ஒரே நாளில் வந்துவிடவில்லை. பதினைந்து வருடக் கதை.

ஆரம்பத்தில் எல்லாமே இலவசம். 2011-ல் அரசாங்கம் மின்சார கார் வாங்குபவர்களுக்கு 5,000 பவுண்டு வரை மானியம் தர ஆரம்பித்தது. அதே வருடம் ஈகோட்ரிசிட்டி என்ற மின்சார நிறுவனம், நெடுஞ்சாலை ஓய்விடங்களில் சார்ஜ் பாயிண்டுகளை வைக்கத் தொடங்கியது. வண்டியை நிறுத்தலாம், ஏற்றிக்கொள்ளலாம், போகலாம். பைசா கிடையாது. டெஸ்லாவும் 2012-ல் தன் மாடல் எஸ் காருக்கு சூப்பர்சார்ஜரில் ஆயுள் முழுக்க இலவசம் என்றுதான் அமெரிக்காவில் கடையை விரித்தது. வணிகவியல் பாடப் புத்தகத்தில் சந்தைக்குள் நுழையும் விலை என்று ஒரு அத்தியாயம் வருமே, அதேதான் இது. கார்களே குறைவாக இருந்ததால் இலவசமாகக் கொடுப்பது பெரிய செலவாகவும் இல்லை.

இந்த நேரத்தில்தான் மிட்சுபிஷி அவுட்லேண்டர் வந்தது. பெட்ரோல் எஞ்சின், கூடவே வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றக்கூடிய 12 யூனிட் பேட்டரி. அதாவது ப்ளக்-இன் ஹைப்ரிட். (யூனிட் என்பது நம் வீட்டு கரண்டு பில்லில் வருகிற அதே யூனிட்தான்.) 2014-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தபோது, மானியம் போக அதன் விலை டீசல் அவுட்லேண்டரின் விலைதான். ஆய்வுக்கூடக் கணக்குப்படி மைலேஜ் லிட்டருக்கு 52 கிலோமீட்டர்! புகை குறைவு என்று காகிதத்தில் இருந்ததால், கம்பெனி கார் வைத்திருப்பவர்களுக்கு வருமான வரியும் குறைந்தது. கேட்க வேண்டுமா? விற்றுத் தள்ளியது.

இந்தக் கார்கள் நெடுஞ்சாலையிலும் இலவச கரண்டுக்காக வரிசையில் நின்றன. பெட்ரோலே இல்லாத முழு மின்சார கார்க்காரர்களுக்கு எரிச்சல். "உனக்குத்தான் டாங்க்ல பெட்ரோல் இருக்கே, எனக்கு இதை விட்டா வழி இல்லையே" என்ற சண்டை.

2016-ல் ஈகோட்ரிசிட்டி இலவசத்தை நிறுத்தியது. முதலில் 20 நிமிடத்துக்கு 5 பவுண்டு என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பவே அரை மணி நேரத்துக்கு 6 பவுண்டு என்று மாற்றினார்கள். பெரிய பேட்டரி கார்களுக்கு இது தாங்கக்கூடிய விலை. அவுட்லேண்டருக்கு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரை மணியில் அதில் ஏறுவது 9, 10 யூனிட். அதை வைத்து நிஜ சாலையில் ஓடுவது சுமார் 32 கிலோமீட்டர். அதே தூரத்துக்கு, லிட்டர் 1.10 பவுண்டு விற்ற அன்றைய பெட்ரோலில் ஆகும் செலவு இரண்டரை பவுண்டு. யார் 6 பவுண்டு கொடுப்பார்கள்? அந்தக் கார் வைத்திருந்தவர்கள் செருகியை எடுத்து வைத்துவிட்டு பெட்ரோலுக்குத் திரும்ப அந்த ஒரு கணக்கு போதும். பொது சார்ஜ் விலை ஏறினால் முதலில் கழன்றுகொள்வது ப்ளக்-இன் ஹைப்ரிட்தான் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இதில் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். ஈகோட்ரிசிட்டியிடம் வீட்டு மின்சாரம் வாங்குபவர்களுக்கு மட்டும் இலவசம் தொடர்ந்தது. வீட்டு மீட்டர் வைத்திருப்பவன் வேறு, ரோட்டில் ஏற்றுபவன் வேறு என்ற பிரிவினைக்கு இது ஒரு சின்ன ஒத்திகை.

2018-ல் ஒரு கம்பெனி கார் ஆலோசனை நிறுவனம் தன்னிடம் இருந்த எரிபொருள் கணக்குகளை எடுத்துப் பார்த்தது. லிட்டருக்கு 46 கிலோமீட்டர் தர வேண்டிய ப்ளக்-இன் ஹைப்ரிட்கள் சராசரியாகத் தந்தது 14. சில வண்டிகளில் சார்ஜ் கேபிளைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்கவில்லையாம்! அந்த வருடக் கடைசியிலேயே இவற்றுக்கான மானியத்தை அரசாங்கம் நிறுத்திவிட்டது. கேபிளைத் தொடாத ஓட்டுநரைத் திட்டுவது சுலபம். ஆனால் பெட்ரோல் கார்டு கம்பெனியுடையது, வீட்டு கரண்டு பில் அவனுடையது என்று இருந்தால் எந்த மனிதன் வீட்டில் செருகுவான்? தப்பு அந்த ஏற்பாட்டில்தான்.

அடுத்த திருப்பம் 2022. உக்ரைன் போரை ஒட்டி எரிவாயு விலை எகிறியது, கூடவே மின்சாரமும். வீடுகளுக்கு 2019-லிருந்தே ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பின் விலை உச்சவரம்பு இருந்தது. அதையும் மீறி ஏறியபோது, அக்டோபர் 2022-ல் யூனிட் சுமார் 34 பென்ஸ் என்று அரசாங்கமே பிடித்து நிறுத்தியது. ஆனால் சார்ஜ் நிலையம் நடத்துபவர் வாங்குவது வணிக மின்சாரம். அதற்கு உச்சவரம்பு இல்லை. அந்த வருடம் செப்டம்பரில் ஓஸ்ப்ரே என்ற நிறுவனம் வேக சார்ஜ் விலையை யூனிட்டுக்கு ஒரு பவுண்டு ஆக்கியது. அரசு நிவாரணம் வந்த பிறகு குறைத்தார்கள் என்பது வேறு விஷயம். டெஸ்கோ சூப்பர்மார்க்கெட் 2018 கடைசியில் அறிவித்த இலவச சார்ஜும் நவம்பர் 2022-ல் முடிந்துபோனது.

போர்க்கால விலை பிறகு இறங்கியதே, சார்ஜ் விலை ஏன் இறங்கவில்லை? இங்கேதான் விஷயம் இருக்கிறது. வேக சார்ஜருக்குப் பெரிய மின் இணைப்பு வேண்டும். அந்த இணைப்புக்கு, ஒரு கார் வந்தாலும் நூறு கார் வந்தாலும் தினமும் கட்ட வேண்டிய நிலையான கட்டணம் உண்டு. மின்கம்பிச் செலவை வசூலிக்கும் முறையை ஆஃப்ஜெம் 2022, 2023-ல் மாற்றியபோது இந்த நிலையான பகுதி பல இடங்களில் பல மடங்கு ஏறியது. கார்கள் குறைவாக வரும் நிலையத்தில் மொத்தச் சுமையும் அந்தச் சில கார்களின் தலையில்தான் விழும்.

அதற்கு மேல் வரி. 1994-ல் வீட்டு எரிபொருளுக்கு முதல்முறையாக வாட் வரி 8 சதவீதம் போட்டார்கள். பெரிய எதிர்ப்பு. 1997-ல் அதை 5 சதவீதமாகக் குறைத்தார்கள். குளிரில் நடுங்கும் முதியவர்களை நினைத்துக் கொடுத்த சலுகை அது. கார் யார் நினைவிலும் இல்லை. ஆனால் வீட்டில் சார்ஜ் ஏற்றும் காருக்கும் இந்த 5 சதவீதம்தான். பொது சார்ஜருக்கு 2025-லும் வசூலிக்கப்பட்டது 20 சதவீதம்.

2025 விலைகளை வைத்து ஒரு கணக்கு. ராத்திரி நேரச் சலுகைத் திட்டத்தில் வீட்டில் யூனிட் 7 பென்ஸ். அதில் வரி ஒரு பென்ஸில் மூன்றில் ஒரு பங்கு. நெடுஞ்சாலை வேக சார்ஜரில் யூனிட் 80 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால் வரி மட்டும் 13 பென்ஸுக்கு மேல். ஒரே யூனிட்டுக்கு நாற்பது மடங்கு வரி! நூறு கிலோமீட்டருக்கு 18 யூனிட் என்றால், வாசலில் ஏற்றுபவருக்கு 1.26 பவுண்டு, ரோட்டில் ஏற்றுபவருக்கு 14.40. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு 9 பவுண்டு.

"அப்போ ப்ளக்-இன் ஹைப்ரிட் வாங்கிக்கலாமே" என்று பல பேர் முடிவுக்கு வந்தது இந்த இடத்தில்தான். 2025-ல் பிரிட்டனில் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்றுக்குச் சற்று மேல் ப்ளக்-இன் ஹைப்ரிட். ஆனால் இது யாருக்கு மாற்று? கனமான வண்டி என்பதால் மின்சாரத்தில் நூறு கிலோமீட்டருக்கு 20 யூனிட் எடுக்கும் என்று வையுங்கள். வாசல் உள்ளவருக்கு 1.40 பவுண்டு. தினசரி வேலைக்குப் போய்வர மின்சாரம், நீண்ட பயணத்துக்கு பெட்ரோல். 80 பென்ஸ் சார்ஜர் பக்கமே போக வேண்டாம். நல்ல வசதி. வாசல் இல்லாதவருக்கோ, தெருவோர மெது சார்ஜர் 50 பென்ஸ் என்றாலும் 10 பவுண்டு. பெட்ரோலை விட அதிகம். அவர் செருகவே மாட்டார். பேட்டரியைச் சும்மா சுமந்துகொண்டு ஓடும் பெட்ரோல் கார்தான் அவருக்கு மிச்சம். ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், கார்களுக்குள்ளேயே இருக்கும் எரிபொருள் மீட்டர்களைப் பார்த்தபோது, ப்ளக்-இன் ஹைப்ரிட்களின் நிஜப் புகை காகிதப் புகையைப் போல சுமார் மூன்றரை மடங்கு இருந்தது.

ஆக, பொது சார்ஜ் விலையால் அடிபடுகிறவருக்கு இந்தக் கார் உதவவில்லை. ஏற்கனவே தப்பித்தவருக்கு இன்னொரு வசதி, அவ்வளவுதான். பிரிட்டிஷ் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு வாசலில் கார் நிறுத்தும் இடம் கிடையாது. அடுக்குமாடியிலும், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள். வசதி குறைந்தவன்தான் அதிக விலையும் கட்டுகிறான், அதிக வரியும் கட்டுகிறான்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. நவம்பர் 2023-ல் வந்த விதிகள், யூனிட்டுக்கு இத்தனை பென்ஸ் என்று விலையைத் தெளிவாகக் காட்ட வேண்டும், வேக சார்ஜர்கள் 99 சதவீத நேரம் வேலை செய்ய வேண்டும் என்றன. விலையைக் காட்டச் சொன்னார்களே தவிர குறைக்கச் சொல்லவில்லை. நவம்பர் 2025 பட்ஜெட்டில், ஏப்ரல் 2028 முதல் மின்சார காருக்கு மைலுக்கு 3 பென்ஸ், ப்ளக்-இன் ஹைப்ரிட்டுக்கு ஒன்றரை பென்ஸ் என்று புது வரி அறிவித்தார்கள். வாசல் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் இதிலும் பார்க்கப்படவில்லை.

ஒரே ஒரு ஏற்பாடு மட்டும் நேராக இந்தப் பிரச்சினையைத் தொடுகிறது. வீட்டுக் கதவிலிருந்து தெருவில் நிற்கும் கார் வரை, நடைபாதையில் ஒரு சின்ன பள்ளம் வெட்டி கேபிளை உள்ளே பதித்து மூடுவது. 2025 ஜூலையில் இதற்கென்று 2.5 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். நடக்கிறவர் தடுக்கி விழாமல் கேபிள் வெளியே வந்துவிட்டால், அந்தக் காரும் வீட்டு மீட்டரில் ஏறும். 7 பென்ஸ், 5 சதவீதம். தரைத்தளத்தில் வீடு இருந்து, வாசலுக்கு எதிரிலேயே கார் நிறுத்த இடமும் கிடைத்தால்!