மட்டாஞ்சேரியில் வரலாற்று சீசன்: எப்போது போகலாம், என்ன செய்யலாம்?

கலூரில் வீடு, காக்கநாட்டில் வேலை, சனி ஞாயிறு லுலு மால். கொச்சியில் இருக்கிற தமிழ் இளைஞர்கள் பலருக்கு வாரம் இப்படித்தான் ஓடுகிறது. காயலுக்கு அந்தப் பக்கம் மட்டாஞ்சேரியில், நேரமாகிக்கொண்டிருக்கும் ஒரு விஷயம் இருக்கிறது.

2019 செப்டம்பர் மழையில் அங்கே கடவும்பாகம் யூத ஜெபாலயத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 16ஆம் நூற்றாண்டுக் கட்டடம். 1950களில் யூதர்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபின் வழிபாடு நின்றுபோனது. உள்ளே இருந்த மரவேலைப்பாடுகள் ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. சுவர்கள் மட்டும் இங்கே மழையில் நனைந்தன.

இப்படிப்பட்ட இடங்களை ஊர்க்காரர்கள் மறக்காமல் இருக்கத்தான் மரபு நடை, கண்காட்சி, பேச்சு போன்ற சீசன் நிகழ்ச்சிகள் நடத்தப்படுகின்றன.

ஏன் சீசன்?

காரணம் மழை. ஜூனில் தொடங்கும் மழை ஓய நவம்பர் ஆகிவிடும். அதனால் நவம்பர் முதல் மார்ச் வரைதான் நடக்கத் தோதான காலம்.

எப்போது என்ன?

* நவம்பர் 19–25: உலக மரபு வாரம். இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் போக நல்ல நேரம். போர்ச்சுகீசியர் கட்டி, டச்சுக்காரர் புதுப்பித்தது; ராமாயணச் சுவரோவியங்களைத் தவற விடாதீர்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.
* டிசம்பர் கடைசி: கொச்சின் கார்னிவல். 31ஆம் தேதி நள்ளிரவில் ஃபோர்ட் கொச்சியில் பாப்பாஞ்சி உருவத்தை எரிப்பார்கள்.
* டிசம்பர்–மார்ச்: கொச்சி-முசிறிஸ் பினாலே. 2012 டிசம்பர் 12இல் தொடங்கியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது கணக்கு. பெயரில் இருக்கும் முசிறிஸ், நம் சங்க இலக்கியம் சொல்லும் சேரர் துறைமுகமான முசிறிதான்.
* ஏப்ரல் 18: உலக மரபு தினம். அன்று தொல்லியல் துறை நுழைவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்த ஆண்டுகள் உண்டு. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சங்கத்தில் சேர்ந்தால்தான் முடியுமா?

தேவையே இல்லை. சென்னையைப் பாருங்கள். 1639 ஆகஸ்ட் 22ஐ நகரம் பிறந்த நாளாக வைத்து, 2004இல் எஸ்.முத்தையா உள்ளிட்ட சிலர் மெட்ராஸ் டே தொடங்கினார்கள். ஒரு நாள் விழா ஒரு வாரமாகி, அதையும் தாண்டிப் போய்விட்டது. தன் தெருவைத் தெரிந்த யார் வேண்டுமானாலும் ஒரு நடையை நடத்தலாம் என்று விட்டதுதான் அது வளரக் காரணம்.

தமிழருக்கு அங்கே என்ன இருக்கு?

ஃபோர்ட் கொச்சி வெளியில் இருக்கும் டோபி கானாவுக்குப் போய்ப் பாருங்கள். டச்சுக்காரர் காலத்தில் படையினரின் துணி வெளுக்க அழைத்து வரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்படும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே வேலை செய்கின்றன. இப்போதைய துவைக்கும் கூடத்தை 1976இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக் கொடுத்தது. இந்தக் குடும்பங்களின் கதை பெரும்பாலும் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர்களிடம் தமிழிலேயே கேட்க உங்களால் முடியும். சுற்றுலா வழிகாட்டிகள் பலருக்கு அது முடியாது.

எப்படித் தொடங்குவது?

ஹைகோர்ட் படகுத்துறையிலிருந்து வாட்டர் மெட்ரோவில் ஃபோர்ட் கொச்சி போய்விடலாம். முதல் தடவை கேமராவைப் பையிலேயே வையுங்கள். வேலை நேரத்தில் தொந்தரவு செய்யாமல், ஓய்வாக இருக்கும் ஒரு பெரியவரிடம் அனுமதி கேட்டுப் பேசுங்கள். சம்மதித்தால் மொபைலில் பதிவு செய்து, தேதியும் இடமும் குறித்து, ஒரு பிரதியை அவர் வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். அடுத்த நவம்பரில் உங்கள் அலுவலக நண்பர்கள் பத்துப் பேரைக் கூட்டிப்போய் நீங்களே ஒரு நடையை நடத்தலாம்.