பச்சையாகப் பூக்கும் சுடுகாட்டு மல்லி

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்கள் போன்ற கடலோர மணல் ஊர்களில், யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளரும் செடி நித்தியகல்யாணி. கல்லறைகளிலும் தழைப்பதால் சுடுகாட்டு மல்லி என்று இன்னொரு பெயர். பூர்வீகம் மடகாஸ்கர். பூ ரோஸ் நிறம், இல்லாவிட்டால் வெள்ளை. ஆனால் எப்போதாவது ஒரு செடியில் மட்டும் இதழ்கள் பச்சையாகி, குட்டி இலைகளாகவே மாறிவிடுவதுண்டு. புது ரகம் என்று நினைத்து ஏமாற வேண்டாம், அது நோய்!

சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன், சீனாவின் சோங் வம்ச அரண்மனையில் பச்சைப் பியோனிப் பூக்களுக்கு ஏக மதிப்பு. அவையும் இதே மாதிரி நோய் கண்ட செடிகள்தான் என்பது இன்றைய ஆய்வாளர்களின் கருத்து. (1613ல் பழவேற்காட்டில் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் மட்டும் என்னவாம்? அவர்கள் நாட்டில் கோடு விழுந்த துலிப் பூக்களின் விலை எக்கச்சக்கமாக ஏறி, 1637ல் சரிந்தது. அந்தக் கோடுகளைப் போட்டது ஒரு வைரஸ்!) 1790ல் ஜெர்மன் கவிஞர் கோதே, பூவின் உறுப்புகள் எல்லாமே இலையின் மாற்று வடிவங்கள் என்று எழுதினார். அதற்கு அவர் காட்டிய சாட்சிகளில் இயல்பு மாறிய ரோஜாவும் உண்டு.

அரசனுக்கு அழகு, சரி. எள் விதைத்தவனுக்கு? பூ இலையானால் காய் இல்லை, காய் இல்லாவிட்டால் எள்ளும் இல்லை. கத்தரியிலும் இதே கதைதான். இலை சிறுத்து, பூ பச்சையாகி, செடி மலடாகிவிடும். இந்தச் சிற்றிலை நோய் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுகிறது என்று 1939ல் கோயம்புத்தூர் ஆய்வாளர்கள் தாமஸும் கிருஷ்ணசாமியும் எழுதினார்கள்.

தொற்றுவது எது? பல வருடங்கள் எல்லோரும் வைரஸையே சந்தேகித்தார்கள். 1967ல் ஜப்பானில் டோயி குழுவினர், நோயுற்ற மல்பெரி முதலிய செடிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. சாறு ஓடும் குழாய்களுக்குள் செல்சுவரே இல்லாத பாக்டீரியாக்கள்! டெட்ராசைக்ளின் கொடுத்தால் செடி தேறியது, நிறுத்தினால் நோய் திரும்பியது. ஃபைட்டோபிளாஸ்மா என்ற பெயர் வந்தது 1994ல். இதை ஊர் ஊராகச் சுமப்பது சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி. வயலில் இன்றும் நோய்ச்செடியைப் பிடுங்கி அழிப்பதும், பூச்சியைக் கட்டுப்படுத்துவதும்தான் வழி.

2014ல் வெளியான ஆய்வு இன்னும் விசித்திரம். இந்தக் கிருமிகளில் ஒன்று சுரக்கும் சேப்54 என்ற புரதம், பூவைப் பூவாக்கும் புரதங்களைச் செடிக்குள்ளேயே சிதைத்துவிடுகிறதாம். அப்படி மாற்றப்பட்ட செடியைத் தேடி வந்து அதிகம் முட்டையிடுவது யார் தெரியுமா? அதே தத்துப்பூச்சி!