ஆப்கானிஸ்தான் போர்: எண்ணப்படாத விலை



போருக்குப் புறப்படும் அரசன் முதலில் உட்கார்ந்து தன் படைபலத்தைக் கணக்குப் பார்ப்பான். வெல்ல முடியாது என்று கண்டால், எதிரி நெருங்குமுன் சமாதானத்திற்குத் தூது அனுப்புவான். சீடராக இருப்பதன் விலையை விளக்க ஆண்டவர் இயேசு எடுத்துக்கொண்ட உவமை இது (லூக்கா 14:31-32). ஆப்கானிஸ்தானில் 20 ஆண்டுகள் நடந்த போரை இந்த உவமையின் ஒளியில் சிந்திப்போம்.

போர் நடந்த விதம்

2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் நடந்த தாக்குதல்களில் ஏறக்குறைய 3,000 பேர் உயிரிழந்தனர். இதற்குப் பின்னணியில் இருந்த பின்லேடனை ஒப்படைக்க, ஆப்கானிஸ்தானை ஆண்ட தாலிபான்கள் மறுத்தனர். அக்டோபர் 7 அன்று அமெரிக்காவும் பிரிட்டனும் குண்டுவீசத் தொடங்கின. ஆண்டு முடிவதற்குள் தாலிபான் ஆட்சி கவிழ்ந்தது. நவம்பர் இறுதியில் ஜெர்மனியின் பான் நகரில் புதிய ஆட்சியை அமைப்பதற்கான மாநாடு கூடியது. தோற்றவர்கள் அங்கு அழைக்கப்படவில்லை.

காபூலைக் காக்க ஐ.நா. பாதுகாப்பு அவையின் ஒப்புதலோடு ஒரு பன்னாட்டுப் படை அமைக்கப்பட்டது. 2003-ல் நேட்டோ அதற்குத் தலைமையேற்றது. 2011 அளவில் ஏறக்குறைய 50 நாடுகளைச் சேர்ந்த 1,30,000 வீரர்கள் அங்கே இருந்தனர். 2014 இறுதியில் இப்படையின் பணி முடிந்தது. ஆப்கான் படைக்குப் பயிற்சி தரச் சிறிய படையொன்று தங்கியது.

2020 பிப்ரவரி 29 அன்று அமெரிக்காவும் தாலிபானும் தோகாவில் ஒப்பந்தம் செய்தன. ஆப்கான் அரசு அதில் பங்குபெறவில்லை. உவமையின் அரசன் தொடக்கத்திலேயே அனுப்ப நினைத்த தூது, இங்கே 18 ஆண்டுகளுக்குப் பிறகு போனது. 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் மீண்டும் தாலிபான் வசமானது. ஆகஸ்ட் 30 அன்று கடைசி அமெரிக்க வீரர் வெளியேறினார்.

கொடுத்த விலை

இப்போரில் அமெரிக்க வீரர்கள் 2,400-க்கும் மேற்பட்டோரும், பிரிட்டன் வீரர்கள் 457 பேரும், கனடா வீரர்கள் 150-க்கும் மேற்பட்டோரும் இறந்தனர். ஒவ்வொருவரின் பெயரும் பதிவாகியுள்ளது. ஆப்கானிய மக்களின் நிலையோ வேறு. பொதுமக்களின் இழப்புகளை ஐ.நா. முறையாகப் பதிவு செய்யத் தொடங்கியதே 2009-ல்தான்.

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் மதிப்பீட்டின்படி, ஆப்கான் பொதுமக்கள் 46,000-க்கும் மேற்பட்டோரும், ஆப்கான் படைவீரர்களும் காவலர்களும் 65,000-க்கும் மேற்பட்டோரும், தாலிபான் தரப்பினர் 50,000-க்கும் மேற்பட்டோரும் கொல்லப்பட்டனர். அமெரிக்காவுக்கு ஆன செலவு 2 லட்சம் கோடி டாலருக்கும் அதிகம் என்றும் அவர்கள் கணக்கிட்டுள்ளனர்.

பொதுமக்களின் சாவுகளில் பெரும்பகுதிக்குத் தாலிபான்களும் பிற ஆயுதக் குழுக்களுமே காரணம் என்று ஐ.நா. அறிக்கைகள் கூறின. இதையும் மறைக்கக் கூடாது. ஆனால் காக்க வந்தவர்களின் கைகளும் கறைபட்டன. 2015 அக்டோபர் 3 அன்று குண்டூஸ் நகரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனை மீது அமெரிக்க விமானம் தாக்கியதில் 42 பேர் இறந்தனர். 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ஆளில்லா விமானத் தாக்குதலில் 7 குழந்தைகள் உட்பட 10 பேர் மாண்டனர். அது தவறு என்று அமெரிக்காவே பின்னர் ஒப்புக்கொண்டது.

அந்த ஆண்டுகளில் இலட்சக்கணக்கான சிறுமிகள் பள்ளிக்குச் சென்றதும் உண்மை. 2021-க்குப் பிறகு உயர்நிலைப் பள்ளிகளும், 2022 டிசம்பரில் பல்கலைக்கழகங்களும் அவர்களுக்கு மூடப்பட்டன.

திருச்சபையின் சிறிய சாட்சியம்

இத்தனை படைகளின் நடுவே ஆயுதமின்றி வாழ்ந்தவர்களும் உண்டு. நம் தமிழகத்தைச் சேர்ந்த இயேசு சபை அருட்பணியாளர் அலெக்சிஸ் பிரேம் குமார் அங்கே அகதிகளுக்கும் அவர்களது பிள்ளைகளின் கல்விக்கும் பணியாற்றினார். 2014 ஜூன் 2 அன்று ஹெராத் பகுதியில் பள்ளியொன்றில் கடத்தப்பட்ட அவர், 8 மாதங்களுக்குப் பின் 2015 பிப்ரவரியில் விடுதலையானார். காபூலில் மாற்றுத்திறனுள்ள குழந்தைகளைப் பராமரித்த அன்னை தெரேசா சபைச் சகோதரிகள், 2021 ஆகஸ்டில் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தபோது, தங்கள் பொறுப்பில் இருந்த 14 குழந்தைகளையும் கூடவே ரோமைக்கு அழைத்துச் சென்றனர். அவர்களுடைய கணக்கில் ஒரு குழந்தையும் விடுபடவில்லை.

நம் சிந்தனைக்கு

ஒரு நாடு தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையைத் திருச்சபை மறுப்பதில்லை. ஆனால் அதன் மறைக்கல்வி (எண் 2309) கடுமையான நிபந்தனைகளை வைக்கிறது: எதிரி இழைக்கும் தீங்கு உறுதியானதாகவும், பெரியதாகவும், நீடிப்பதாகவும் இருக்க வேண்டும், மற்ற வழிகள் எல்லாம் பயனற்றுப் போயிருக்க வேண்டும், வெற்றிக்கு உண்மையான வாய்ப்பு வேண்டும், நீக்க நினைக்கும் தீமையைவிடப் பெரிய தீமை விளையக் கூடாது. இவற்றைப் போரின் முதல் நாளில் மட்டும் கேட்டால் போதாது. பத்தாம் ஆண்டிலும் கேட்க வேண்டும். அப்போது எதிர்த்தரப்புத் தாயின் பிள்ளையும் அந்தக் கணக்கில் சேர வேண்டும், ஏனெனில் அவனும் கடவுளின் சாயலே.

போர்ச் செய்திகளைக் கேட்கும்போது எந்தப் பக்கம் வென்றது என்று கேட்பது நமக்கும் எளிதாக இருக்கிறது. வரும் ஞாயிறு விசுவாசிகள் மன்றாட்டில் ஆப்கானிஸ்தானில் இறந்த எல்லாருக்காகவும், பள்ளி மறுக்கப்பட்ட சிறுமிகளுக்காகவும், போர் முடிந்தும் மன அமைதியின்றித் தவிக்கும் அந்நிய நாட்டு வீரர்களுக்காகவும் சேர்ந்து மன்றாடுவோம். அமைதியின் அரசராம் ஆண்டவர் நம் இதயங்களையும் அமைதியின் வழியில் நடத்துவாராக!